கனியின் கால் அளவு

கலைச்செல்வி மலேசியாவில் வாங்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். நடந்தால் குதிகாலில் லைட்டு எரியும் ஷூ, ஒரு ஜோடி. கூட வந்த பெண்கள் சென்ட்டு, சாக்லேட்டு, கோடாலித் தைலம் என்று பெட்டி கொள்ளாமல் வாங்கிக் குவித்தார்கள். அவள் அதை வேடிக்கை பார்த்ததோடு சரி.

ஷூ அவளுடைய மகள் கனிஷ்காவுக்கு. கனிஷ்கா இறந்து ஒரு வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் அவர்கள் ஊர். கணவன் அப்பாசாமி செம்மேட்டில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட், கூடவே சீமாறு, வாளி எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறான். மலையில் பாதிப் பேர் மண்சுவரை இடித்துவிட்டு கான்கிரீட் போட ஆரம்பித்திருந்ததால் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. போன வருஷம், நன்றாக விற்ற கடைக்காரர்களைச் சிமெண்ட் கம்பெனி ஜோடி ஜோடியாக வெளிநாடு கூட்டிப்போகும் என்று சொன்னபோது அதில் அப்பாசாமியின் பெயரும் இருந்தது. ஜோடிக்குத்தான் டிக்கெட், பிள்ளைக்குக் கிடையாது என்றதும் கனி ஒரு பொழுது சோறு தின்னாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு தானாகவே சமாதானமாகி, சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள். தரையில் குச்சியை வைத்து, அதன்மேல் காலை வைத்து, பெருவிரல் நுனிக்குச் சரியாக ஒடித்து அம்மா கையில் கொடுத்தாள்.

"இதாம்மா அளவு. லைட்டு எரியற ஷூ வேணும். அப்பா மறந்துருவாரு, நீயே வச்சுக்க."

மலையில் அதுதான் வழக்கம். கீழே சந்தைக்குப் போகிறவரிடம் செருப்பு வாங்கிவரச் சொன்னால் குச்சியைத்தான் கொடுத்தனுப்புவார்கள். ஆறா ஏழா என்று நம்பர் கணக்கெல்லாம் யார் கண்டது? செருப்புக் கடைக்காரர் குச்சியை வாங்கி உள்ளே விட்டுப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அந்த மாதமே கனிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் கண் சொருகியதும் காரில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கு இறங்கினார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். எந்தப் பலகையைத் தாண்டும்போது மடியில் கிடந்த உடம்பு கனத்துப்போனது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை.

கம்பெனிக்காரன் சதீஷ்குமார் நல்ல பையன். டிக்கெட்டை ரத்து செய்யாமல் அடுத்த கூட்டத்தோடு போகச் சொன்னான். "போயிட்டு வா கண்ணு, மனசுக்கு ஒரு மாத்தமா இருக்கும்" என்று சொந்தபந்தமெல்லாம் நெருக்கியது. மாற்றமாவது ஒன்றாவது! கலைச்செல்வி சம்மதித்தது அந்தக் குச்சிக்காகத்தான். கைப்பையின் ஓரத்து அறையில், சீப்புக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

அப்பாசாமியிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. காரியம் முடிந்த மறுநாளே பிள்ளையின் துணிமணி, புத்தகப் பை எல்லாவற்றையும் சிமெண்ட் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டுக் கடையைத் திறக்கப் போனவன் அவன். அன்றிலிருந்து கனி என்ற பேர் அவன் வாயில் வந்ததில்லை. இந்த மனுஷன் நெஞ்சையும் கம்பியால்தான் கட்டியிருக்கிறதா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். செத்த பிள்ளைக்கு ஷூ என்று வாயைத் திறந்தால் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்பான் என்றே நினைத்தாள்.

மூன்றாம் நாள் கோலாலம்பூரில் கடைத்தெருவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். "இருட்டறதுக்குள்ள இதே எடத்துக்கு வந்துருங்க" என்று சொல்லி சதீஷ்குமார் இறக்கிவிட்டான். அன்றைக்குக் காலையில் ஆரம்பித்த கோளாறு சாயங்காலம் வரை ஓயவில்லை.

முதல் கோளாறு அப்பாசாமியின் காலில். ஊரில் செருப்பைத் தவிர வேறெதையும் மாட்டாதவன், வெளிநாடு என்று தோல் ஷூ வாங்கிப் போட்டு வந்திருந்தான். இரண்டு தெரு நடப்பதற்குள் குதிகால் கொப்புளித்துவிட்டது. கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, பளிங்குத் தரை போட்ட பெரிய கடைக்குள் வெறுங்காலோடு நுழைந்தான். காவல்காரர் கையைக் காட்டிக் காட்டி வெளியே போகச் சொன்னார். "கோயிலுக்குள்ள போட்டுட்டுப் போனாத் திட்டறான், இங்க கழட்டுனாத் திட்டறான்" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்தான். கலைச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று உடனே சங்கடமாகவும் இருந்தது.

அடுத்தது ரயில். தோள் வலிக்கிறது என்று கைப்பையை அவனிடம் கொடுத்திருந்தாள். அவன் ஏறினான், கூட்டம் இடையில் புகுந்தது, கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாயைத் திறந்து என்னமோ கத்துகிறான், ரயில் போயேவிட்டது. பாஷை தெரியாத ஊரில் தனியாக நிற்கிறோமே என்ற பயம்கூட அவளுக்கு அப்புறம்தான் வந்தது. பை போய்விட்டது, பையில் குச்சி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் எதிர் ரயிலில் திரும்பி வந்து இறங்கியதும் ஓடிப்போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் தொலைஞ்சிருந்தாக்கூடத் தேடியிருக்க மாட்ட போல இருக்குது" என்றான் அப்பாசாமி. பையை அவனே மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டான்.

மத்தியானம் நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் கடையில் ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டார்கள். அவள் கை கழுவிவிட்டு வந்தபோது, அவன் கடை வாசலில் நின்று சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கறி தின்ற ஆம்பிளை எவன்தான் பல் குத்தாமல் தெருவில் இறங்குகிறான்?

அதற்குமேல் ஏறி இறங்கிய கடைகளில் கடைசியாக ஒன்றில் அந்த ஷூ இருந்தது. ரோஸ் நிறம். கடைப்பெண் தமிழ் பேசினாள். ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜையில் தட்டிக் காட்டினாள். குதிகாலில் சிவப்பும் நீலமுமாக மினுக்கி அணைந்தது. கலைச்செல்வி குனிந்து, தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "இதாங்க, இதேதான்" என்றாள்.

"எந்தப் பிள்ளைக்கு?" என்றான் அப்பாசாமி.

அவள் பையை வாங்கி ஓரத்து அறைக்குள் கைவிட்டாள். சீப்பு வந்தது. அப்புறம் குச்சி வந்தது. பாதிக் குச்சி.

"ஏனுங்க, இதுல இருந்த குச்சி?"

"சீமாத்துக் குச்சிதான? தைலம் தேடறப்பக் கையில தட்டுப்பட்டுச்சு. பல்லுல கறி மாட்டிக்கிச்சு, ஒடிச்சுக் குத்திட்டுப் போட்டுட்டேன். ஏன், நம்ம கடையில சீமாத்துக்கா பஞ்சம்?" என்று சிரித்தான்.

"அது நம்ம கனியோட காலுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவள் கையிலிருந்த துண்டையும் மேஜையில் இருந்த ஷூவையும் மாறி மாறிப் பார்த்தான். மலையில் பிறந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையில் வைத்திருந்த தோல் ஷூவைக் கீழே போட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினான்.

அவள் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது அவன் சாப்பாட்டுக் கடை வாசலில் மண்டியிட்டு, சாக்கடை மூடியின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பாழாய்ப் போன ஊர், அரை நாளில் தெருவைத் துடைத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு துரும்பு இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் விலகி நடந்தார்கள். கொப்புளம் உடைந்து அவன் குதிகாலில் ரத்தம் வந்திருந்தது.

"கெடைக்கல புள்ள" என்றான். "நானே ஒடிச்சுப் போட்டுட்டேன். எம் புள்ள கால நானே…"

அப்பாசாமி அழுது அன்றைக்குத்தான் பார்த்தாள். அவனைத் திட்ட வேண்டும் என்று வரும்போது வாய்வரை வந்திருந்தது. அவன் கையைப் பிடித்துத் தூக்கி, முந்தானையால் அந்த விரல்களைத் துடைத்துவிட்டாள்.

கடைக்குத் திரும்பியதும், நடந்தது ஒன்றும் தெரியாத கடைப்பெண் ஆறுதலாகத்தான் பேசினாள். "அளவு இல்லேன்னா என்னக்கா? வயசு சொல்லுங்க, எடுத்துத் தாரேன்."

"எட்டு" என்றாள் கலைச்செல்வி.

"ஒம்பது" என்றான் அப்பாசாமி. "சித்திரையில ஒம்பது முடிஞ்சிருச்சு."

கலைச்செல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் குச்சி எப்ப அளந்தது?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"போன வருசம்" என்றான் அவன்.

"அப்ப அது இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லண்ணே. பிள்ளைங்க கால் நிக்குமா? வளர்ந்துகிட்டேதான இருக்கும்."

அந்தச் சொல் கலைச்செல்வியின் நெஞ்சில் நேராக விழுந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன்தான் பேசினான்.

"ஆமாங்க. இப்பப் பெருசாத்தான் இருக்கும். இத்தச்சோடு இருக்கும்." கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து, ஒரு சாண் நீளத்துக்குக் காட்டினான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கலைச்செல்வி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டா அவகூடப் படிச்ச புள்ளைக நம்ம கடையத் தாண்டித்தான போகுதுங்க. மூஞ்சியப் பாக்க முடியறதில்ல புள்ள. கால மட்டும் பாப்பேன். மணிமேகலை மகளும் இவளும் ஒரே உசரம்ல? அவளுக்குப் போன மாசம் புதுச் செருப்பு வாங்கியிருக்காங்க, பழசு பத்தல." மேஜையில் இருந்த ஷூவைக் கையில் எடுத்தான். "அதுக வளர வளர, இவளையும் கூடவே வளத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

இத்தனை நாளும் இவன் பிள்ளையைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான் என்று நினைத்திருந்தாளே! எட்டு வயதோடு பிள்ளையை நிறுத்தி, ஒரு குச்சியில் கட்டிவைத்தது அவள்தான். அவன் கடையில் உட்கார்ந்து கம்பி எடை போட்டபடியே பிள்ளையை ஒன்பது வயதாக்கியிருக்கிறான். அவன்மீது வைத்திருந்த கோபமெல்லாம் வெட்கமாகத் திரும்பியது. அவள் வாய்விட்டு அழுதாள். கடைப்பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவன் காட்டிய அளவுக்கே வாங்கினார்கள். தோல் ஷூவை அந்தக் கடையிலேயே போட்டுவிட்டு, ஒரு ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான் அப்பாசாமி.

ஆனி மாதம் வருஷப் படையல் போட்டார்கள். புதுப் பாவாடை, வளையல், ரிப்பன், பலாச்சுளை எல்லாம் இலைக்கு முன்னால் வைத்தார்கள். கலைச்செல்வி ஷூவை எடுத்து வந்தபோது அப்பாசாமியின் அத்தை பாப்பாயி பதறிப்போனாள். "செருப்பப் போயி சாமி முன்னாடி வெக்கறதா? வேண்டாஞ் சாமி, ஆகாது!"

அது நியாயம்தான். காலில் போடுவதைப் படையலில் வைக்க முடியாது. அப்பாசாமி அதை வாங்கிக்கொண்டு வெளியே போய், எல்லாரும் செருப்பைக் கழற்றி விடும் வாசற்படி ஓரத்தில், தங்கள் இரண்டு ஜோடிக்கும் நடுவில் வைத்தான். எடுத்துப் பத்திரப்படுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அது அங்கேயே இருந்தது. தெரியாமல் வருகிறவர்கள் வாசலைப் பார்த்துவிட்டு, "ஊட்டுல புள்ளைக இருக்குதா?" என்று கேட்பார்கள்.

ஆடியில் ஒரு சாயங்காலம் சாரல் திடீரென்று வலுத்தது. அடுப்படியிலிருந்த கலைச்செல்விக்கு ஷூ ஞாபகம் வர, வாசலுக்கு ஓடினாள். படி ஓரத்தில் அவள் செருப்பும் அவன் செருப்பும் மட்டும் நனைந்துகொண்டிருந்தன.

கடையிலிருந்து வந்தவன் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையைக்கூடத் துவட்டாமல் துண்டால் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஈரம் பட்டா லைட்டு போயிரும்" என்றான். தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். சிவப்பும் நீலமுமாக எரிந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றை ஷூவை எடுத்து, உள்ளே கையை விட்டு முனைவரை தடவிப் பார்த்தாள்.

"அடுத்த வருசத்துக்கு இது பத்தாதுங்க" என்றாள்.