தடை சொல்ல எழுந்தவள்

ஞாயிறு ஆராதனை முடியும் நேரம். போதகர் என் மகளின் கல்யாண ஓலையை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பிறகு அந்தக் கேள்வி: "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா?" வழக்கம்போல் சற்று நிறுத்தினார். அந்த அமைதியில் பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.



எனக்கு எட்டு வயதில் இதே ஆலயத்தில் கேட்ட சத்தம் அது. அன்று சித்தியின் ஓலை. போதகர் கேட்டதும், என் பக்கத்தில் இருந்த சித்தியே எழுந்துவிட்டாள்.

"எனக்கு உண்டு. எங்கிட்ட ஆரும் கேக்கல்ல."

அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரி! மானத்த வாங்காத, இரி!"

சித்தி உட்காரவில்லை.

அந்த வாரமே வடசேரியில் பஸ் ஏறிப் போனவள் திரும்பவில்லை. அதன்பின் வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. தாத்தாவுக்கு அவள் தான்தோன்றி. அப்பாவுக்குத் தலைக்கனம் பிடித்தவள். பக்கத்து வீட்டில் வட்டுப் பிடிச்சவ, பைத்தியம் என்றார்கள். நான் தட்டில் மீனை ஒதுக்கினால்கூட அம்மா முகம் வெளிறிப்போகும். "அடங்காப்பிடாரி, அவளப் போலயே வருது பாரு" என்பாள்.

போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். இன்று யாரும் எழவில்லை.

மகள் என் காதருகே குனிந்தாள். "அம்மா, சேலைய விடு. நான் எழும்பிருவேன்னு பயந்தியா?"

அவள் சிரிக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். அவள் முந்தானை என் கைக்குள் கசங்கிக் கிடந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை.