காலியாக வந்த குளிசைக் கார்டுகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வாய் அதற்கும் முன்னால் வந்துவிடும். அந்த வாயால் ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடினேன் என்பதை, அன்றைக்குக் கூட இருந்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

எல்கடுவவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரஷர் வியாதி பற்றி ஓர் ஆய்வு நடந்தது. தமிழும் சிங்களமும் பேசுவேன் என்பதற்காக, உக்குவளையில் வீட்டோடு இருந்த எனக்கு அதில் வேலை கிடைத்தது. மருந்துக்காக டவுன் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும் என்று பலர் பாதியிலேயே மருந்தை விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒழுங்காகப் போடுவார்களா, பிரஷர் இறங்குமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. அதை நடத்திய டொக்டர் சிங்களவர், அதிர்ந்து பேசாதவர். மாதம் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவேன். பிரஷர் பார்ப்பேன், நீளமான கேள்வித்தாளை நிரப்புவேன், மாதக் கடைசியில் மாத்திரை அடைத்த குளிசைக் கார்டுகளைத் திரும்ப வாங்கி எத்தனை குளிசை மிச்சம் என்று எண்ணுவேன்.

முதல் மாதம் கார்டுகளில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வெயிலில் ஏறி வந்த எரிச்சல் வேறு. லயத்து வாசலில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அடுத்த மாசமும் கார்ட் இப்படி வந்துச்சுன்னா டொக்டர்கிட்ட எனக்குத்தான் ஏச்சு விழும். என் வேலையே போயிரும், பாத்துக்குங்க."

டொக்டர் என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. வேலை நடக்கட்டும் என்று அளந்துவிட்டது அது. அடுத்த மாதம் வந்த கார்டுகள் அத்தனையும் காலி. டொக்டர் பாராட்டினார். நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

மற்றவர்களுக்குக் கொஞ்சமாவது இறங்கியது. ஒருத்தருக்கு மட்டும் பிரஷர் இறங்கவே இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அக்காவுக்கு. அவருடைய கூடப் பிறந்த அக்கா பிரஷர் ஏறி ஒரு பக்கம் விழுந்துபோய் அதே ஒற்றை அறைக் காம்பராவில் படுக்கையாகக் கிடந்தார். ஊட்டுவதும் கழுவுவதும் இவர்தான். காலிக் கார்டை முதலில் கொண்டுவந்து நீட்டுகிறவரும் இவர்தான். நாலு மாதம் இப்படியே போனது. டொக்டர் என் மூலமாகக் கேட்டபோதெல்லாம், ஒரு நாளும் தவறவில்லை என்றே சொன்னார். அப்படியானால் இந்த மருந்து போதவில்லை என்று டொக்டர் முடிவு செய்தார். பழைய குளிசையை இரண்டாக்கி, புதிதாக இன்னொன்றும் சேர்த்து, தான் வருவதற்கு முன்பே கொடுக்கும்படி அனுப்பினார்.

டொக்டர் வருகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் அந்தப் புது மருந்தைக் கொண்டுபோய் நான்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். படுக்கையில் கிடந்தவரைக் காட்டி, நீங்களும் இப்படி விழுந்துவிட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டு வந்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் காலை கார்டுகளைச் சேர்க்க நேரத்தோடு போனேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கால் கழுவக் குனிந்தபோது, தண்ணீர் ஓடும் கானுக்குள் சோற்றுப் பருக்கைகளோடு வெள்ளையாக ஏதோ கிடந்தது. குளிசைகள். ஊறிப் பெருத்து, கை நிறைய அள்ளலாம் போலக் கிடந்தன.

பக்கத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தவர் அடுத்த காம்பராப் பெண். காய்ச்சல் என்று அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. நான் போட்ட சத்தத்துக்கு அவர் அசரவில்லை.

"இன்னைக்கு கார்ட் எண்ணுற நாளுதானே மிஸ். ஒங்களுக்கு ஏச்சு விழக் கூடாதுன்னுதான் எல்லாரும் மிச்சத்தக் கொட்டி காலி பண்ணிக் குடுக்கிறோம்."

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுகமில்லாத ஒருத்தியின் சாக்கு இளைத்துப்போய் இருந்தால், பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி அதில் போடுவார்கள். அவள் ஏச்சு வாங்காமல் வீடு போய்ச் சேரட்டும் என்று. அதையேதான் எனக்கும் செய்திருக்கிறார்கள்.

அந்த அக்காவுமா என்று கேட்டேன். அவர்தான் முதலில் தொடங்கினாராம். ஆனால் இன்றைக்குக் கொட்டவில்லை. நான் சொன்ன பேச்சை நினைத்து ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். காலையில் மூன்று குளிசையையும் ஒன்றாக வாயில் போட்டு, வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்துவிட்டு, ரொட்டியைக்கூடத் தொடாமல் மலைக்குப் போய்விட்டார்.

நாலு மாதமாகத் தினமும் மருந்து போகும் உடம்பு என்று நினைத்துக் கணக்குப் பண்ணிக் கொடுத்த அளவு அது. நான் டொக்டர் இல்லை. ஆனாலும் பயப்படும் அளவுக்குத் தெரிந்திருந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. டொக்டர் வழியில் எங்கோ வந்துகொண்டிருந்தார். கார்டுப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஏறினேன்.

கீழ் ரோட்டில் நின்ற கங்காணி உச்சி வரிசையைக் காட்டினார். அது செங்குத்தான மலை, வரிசைகளுக்கு நடுவே ஆழமான கல் கான். அவர் தெரிந்தார். தலையில் கட்டிய துணி தெரிந்தது, கை மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் தடுமாறுவார் என்று பயந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு ஏறினேன். இன்னும் மூன்று வரிசை இருக்கும்போது கை நின்றது. முழங்கால் மடங்கி, அப்படியே செடிகளுக்குள் சரிந்தார். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கல் கானுக்குள் போயிருப்பார்.

இடுப்பில் கட்டும் படங்குத் துணியை விரித்து அதில் கிடத்தி ஆறு பெண்கள் தூக்கி வந்தார்கள். டிஸ்பென்சரிக்கு வந்தபோது டொக்டர் அங்கே இருந்தார். மேல் பிரஷர் எண்பதைக்கூடத் தொடவில்லை. காலை உயர்த்தி வைத்து சேலைன் ஏற்றினார்கள். நான் மூலையில் நின்று, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ கழித்து அவர் கண் திறந்தார். என்ன நடந்தது, மருந்தை எப்படிப் போட்டாய் என்று டொக்டர் கேட்டார். அதைத் தமிழில் சொல்லக் கிட்டே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, டொக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"எப்பவும் போல ஒழுங்காத்தாங்க போட்டேன். மிஸ் எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லங்க."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியது நான். அப்படியே சொன்னால் என் வேலை தப்பும். இவர் உடம்புக்கு இந்த மருந்து ஒத்துவரவில்லை என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். பிறகு இவரும் தன் அக்காவுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்தும் நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த யோசனைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு சொன்னேன். இவர் குளிசை போடவே இல்லை, நான் சொன்ன பொய்க்காக எல்லோரும் கானில் கொட்டினார்கள், இன்றைக்குத்தான் மூன்றையும் போட்டார் என்று. அந்த அளவு சிங்களம் அவருக்கும் புரியும். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்கச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னைக் குனியச் சொன்னார்.

"அத போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது மிஸ். மலையில பொம்பளைங்க எங்க போறது? கீழ கங்காணி நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் போட்டேன்."

மெதுவாக அதைச் சொல்லி முடித்தேன். டொக்டர் கேள்வித்தாளை எடுத்துப் புரட்டினார். உப்பு எவ்வளவு, கருவாடு எத்தனை நாள், வெற்றிலையோடு புகையிலை உண்டா என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லையா, உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அந்தத் தோட்டத்துக்குப் போகும் நாட்களில், விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் நான் பஸ் ஏறுவேன்.