நாகர்கோவில் ஆன்ட்டியும் பரிணாமப் பாடமும்

தொண்ணூறுகளின் கடைசியில், டல்லாஸ் அருகே நாங்கள் இருந்த ஊரில், பரிணாமப் பாடத்தோடு பைபிளின் படைப்பு வரலாற்றையும் அறிவியலாகக் கற்பிக்கச் சொல்லிச் சிலர் கிளம்பினார்கள். பள்ளி வாரியம் பொதுக்கூட்டம் நடத்தியது.

அந்த நாகர்கோவில் ஆன்ட்டியை அங்கேதான் பார்த்தேன். நரைத்த கொண்டை, புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கழுத்தில் சின்னச் சிலுவை. பேசுமுன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் கிறிஸ்தவள். விசுவாசத்தைச் சர்ச்சில் சொல்லித் தருகிறோம். பள்ளியில் அறிவியலைச் சொல்லிக் கொடுங்கள்" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். எதிரணியில் பாதிப் பேர் அவருடைய சர்ச்காரர்கள். அவர்களில் ஒருவரும் கைதட்டவில்லை.

வாரியம் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. பார்க்கிங்கில் அவரிடம் கேட்டேன்.

"சண்டே இவங்க முகத்துல எப்படி முழிப்பீங்க, ஆன்ட்டி?"

"கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக நான் சர்ச்சை விட்டுட்டா, விசுவாசமும் சயின்ஸும் ஒண்ணா இருக்க முடியாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

சொல்லிவிட்டு, தன்னை எதிர்த்துக் காரசாரமாகப் பேசிய மனிதரிடம் நேரே போய், அவர் மனைவியின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார். அந்த மனிதர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு கையை நீட்டினார். ஆன்ட்டி அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

ஜெயித்த கையோடு அப்படிப் போய் நிற்க எப்படி முடிந்தது என்று இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.