அந்துவான் அண்ணன் நீட்டித் தந்த ஜீப்

முத்தியால்பேட்டையிலிருந்து அந்துவான் அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா போன் செய்தபோது மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். "அவரு மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தாரு சாரதா. எழுந்திரிக்கல" என்றார். கையிலிருந்த புடவையை நாலாக மடித்து, ஓரம் சரிபார்த்து வைத்த பிறகுதான் கீழே இறங்கி என் கணவரிடம் சொன்னேன்.

அந்துவான் அண்ணனின் வெல்டிங் பட்டறையை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பை நீட்ட வேண்டும், வண்டியின் அடிச்சட்டமான சேஸ் தளர்ந்தால் அதற்கு இரும்புக் குழாய் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும் என்றால் எல்லாரும் அவரிடம்தான் போவோம். நாங்களும் ஜீப்பை நீட்டத்தான் போனோம்; காரணம் மட்டும் வேறு. மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதிலிருந்து என் கணவரால் உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். கல்யாணமான புதிதில் எங்களைச் செஞ்சிப் பக்கத்துப் பாறைக்காடுகளுக்குக் கொண்டுபோன ஜீப், வாசலில் துருவேறி நின்றது. அவர் முதலில் சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு பேச்சைக் குறைத்தார். அந்தக் காட்டுக்கு இன்னொருமுறை கூட்டிப்போகாவிட்டால் மனிதர் கைவிட்டுப் போய்விடுவார் என்று நான் பயந்தேன்.

"முசேவ அழச்சிகினு வாங்க. ஆளப் பாக்காம அளவெடுக்க மாட்டேன்" என்றார் அண்ணன். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே; அவருக்கு ஆண்கள் எல்லாருமே முசேதான். பட்டறைத் தரையில் பாய் விரித்து இவரைக் கிடத்தி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். கால்மாட்டுக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு இழுத்தார்.

"அது எதுக்குண்ணே?" என்றேன்.

"கால நீட்டிப் படுக்கறவனுக்கு இன்னும் கொஞ்சம் நீட்ட எடம் வேணும்மா. அப்பதான் தூக்கம் வரும்."

என் கணவர் சிரித்தார். எட்டு மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

வேலை நடந்த நாட்களெல்லாம் இவர் பட்டறையிலேயே கட்டிலில் கிடந்தார். கூடு கழற்றிய சேஸ், தரையில் படுக்கப்போட்ட ஏணி மாதிரி கட்டைகளின் மேல் கிடந்தது. பின்பக்கம் வெட்டி, உள்ளே ஒரு சின்னக் குழாயைச் சொருகி, அதன்மேல் நீளத்தைக் கூட்டிப் பற்றவைத்தார் அண்ணன். வெல்டிங் கண்ணாடி ஒன்றை இவரிடம் கொடுத்திருந்தார். ஒருநாள் நானும் வாங்கிப் பார்த்தேன். பட்டறை இல்லை, தெரு இல்லை, அண்ணன்கூட இல்லை. பச்சை இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் அவசரமில்லாமல் ஊர்ந்துபோனது. கடற்காற்றில் உப்பும் எரிந்த இரும்பும் சேர்ந்து வீசின. நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

கடைசியில் அண்ணனோடு சண்டை போட்டேன். பற்றவைத்த இடம் வரிவரியாகத் துருத்திக்கொண்டு நின்றது. கிரைண்டரால் ராவிச் சமமாக்கி, மேலே பட்டி பூசி மறைத்துப் பெயிண்ட் அடித்துத் தந்தால் என்ன என்று கேட்டேன். மாட்டேன் என்றார். சோம்பேறித்தனம் என்றே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கிரைண்டரைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு மீன் வண்டிய நீட்டி, ராவி, பளபளன்னு குடுத்தேன். பட்டிக்குள்ள விரிசல் வுட்டுது. யாருக்குத் தெரியும்? குருசுக்குப்பம் ரோட்டுல ரெண்டா மடங்கிடுச்சு. டிரைவருக்கு இன்னிக்கும் கால் நொண்டிதான். ராவினவன் நான்." சற்று நிறுத்தி, "வாரத்துக்கு ஒருநாள் இதும்மேல வெரல வச்சுப் பாருங்க. கண்ணு ஏமாத்தும், வெரலு ஏமாத்தாது" என்றார்.

காட்டுக்குப் போனோம். பின்கதவைத் திறந்துவைத்து, பாறைகளின் மேல் மேகம் நகர்வதைப் படுத்தபடியே பார்த்தார் இவர். அன்று இரண்டு முறை சோறு கேட்டார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பற்றவைத்த இடத்தைத் தடவியபோது விரலில் ஏதோ நெருடியது. தலைமுடி அளவு விரிசல். மறுநாள் மறுபடி காட்டுக்குப் போவதாக இருந்தோம். பட்டறைக்கு ஓட்டிப்போனேன். அண்ணன் குனிந்து தடவிப் பார்த்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "என் வேலதான் வுட்டுருக்கு. நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க. மெர்சி" என்று நன்றி சொன்னார். அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தார். அதையும் ராவவில்லை.

இறுதி வணக்கத்துக்கு இவரும் வந்தார். அண்ணன் நீட்டிக் கொடுத்த அந்த ஒரு சாணில் காலை நீட்டிக்கொண்டு வந்தார். அண்ணனின் சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், இவர் பார்க்கட்டும் என்று ஜீப்பின் பின்கதவருகே ஒரு நிமிடம் தாழ்த்திப் பிடித்தார்கள். படுத்திருந்த இருவரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். "மெர்சி, முசே" என்றார் என் கணவர்.

மறு ஞாயிறு ஜீப்புக்கு அடியில் புகுந்து விரல் வைத்தேன். வரிவரியாக அண்ணன் கை நகர்ந்துபோன வழி முழுக்க விரலுக்குத் தெரிந்தது. நல்லவேளை, ராவச் சொன்ன என் பேச்சை அவர் கேட்கவில்லை.

மேலே ஜீப்பில் படுத்தபடி இவர் கேட்டார்: "விரிசல் இருக்கா?"

"இல்ல" என்றேன். விரலை எடுக்கத்தான் மனம் வரவில்லை.