குரலில்லாத கேசட்

கானமேளா என்கிற சினிமாப் பாட்டுக் கச்சேரி மேடையில் கிட்டார்காரிக்குக் கிடைப்பது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளி மட்டும்தான். வெள்ளறடையிலும் காட்டாக்கடையிலும் எத்தனையோ திருவிழாக்களில் அந்த இடைவெளிக்காகக் காத்து நின்றிருக்கிறேன். விரல் சூடாவதற்குள் பாடகர் திரும்ப வந்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். அந்த இடைவெளியையே ஒரு முழு கேசட்டாக்கிக் காட்டுகிறேன் என்ற வீம்பில்தான், தொண்ணூறுகளின் கடைசியில், நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் என் முதல் கேசட்டைப் பதிவு செய்தேன். எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ். குரல் கிடையாது.

பெண் என்றால் பாடத்தான் வேண்டும் என்று யார் விதித்தார்களோ. அப்பாவே கேட்டார்: "நாலு வரி பாடினா உனக்கு என்ன குறைஞ்சா போவும் மக்கா?"

பாறசாலை கேசட் கடைக்காரர் இன்னும் தாராளம். "தமிழில பாடினாலும் சரி, மலையாளத்தில பாடினாலும் சரி. ஒரு பக்திப் பாட்டாவது சேரு பிள்ளே. இல்லேங்கி இதை ஆரு வாங்குவா?"

முடியாது என்றேன். கிட்டார் போதாதென்றால் யாரும் கேட்கவே வேண்டாம் என்று வீட்டில் கத்தவும் செய்தேன். கடைக்காரர் முனகிக்கொண்டே கொஞ்சம் வாங்கி வைத்தார்.

ஆச்சரியம், விற்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் திருவிழாப் பாட்டுப் போட்டியன்றுதான் விஷயம் விளங்கியது. போட்டிக்கு வருகிறவர்கள், குரலை நீக்கி இசையை மட்டும் பதிந்த 'டிராக்' கேசட்டோடு வந்து அதன்மேல் பாடுவார்கள். பாறசாலைக் கடைக்காரர் என்னுடையதையும் அந்த வரிசையில் அடுக்கி விற்றிருக்கிறார்!

ஜிப்பா போட்ட ஒருவர் மேடையேறினார். கடையில் தொடக்கத்தை மட்டும் கேட்டு வாங்கியிருப்பார் போல. ஒலிபெருக்கியில் என் கிட்டார் கிளம்பியது. அவர் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். முதல் வரி ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வரியில் தாளம் மாறியது. பிடிக்கப் பார்த்தார், மறுபடி மாறியது.

"இது எந்தப் பாட்டுக்க டிராக்கு? உள்ள கேறவே விடமாட்டேங்குதே!" என்று மைக்கிலேயே அலறினார். கூட்டம் சிரித்தது. மைக்செட்காரர் நிறுத்தப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் ஏறினேன்.

"நிறுத்தாண்டாம் அண்ணா. அது டிராக்கு இல்ல. முழுப் பாட்டாக்கும்" என்று சொல்லிவிட்டு ஜிப்பாக்காரர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

நான் பாடப்போகிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "பாடு மக்கா!" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நொடி மனசு தடுமாறத்தான் செய்தது.

மைக்கை அணைத்தேன். கேசட்டின் அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு மேடை நடுவில் நின்றேன். கமிட்டிக்காரர்கள் வந்து மைக்கைக் கேட்டார்கள். அப்பா வந்து கேட்டார். யாருக்கும் கொடுக்கவில்லை.