நிலவறையில் தொங்கிய ஆரணிச் சேலை

1. ஏழுமலையின் போன்

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெஃப்ரிஜிரேஷன் கடை வைத்திருக்கிறேன். பட்டுக்கடை ஏசி, மண்டபத்து வாட்டர் கூலர், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் பார்ப்பேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கம்ப்ரசரைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் ஒரு விளக்கைப் பற்றிச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

என் மனைவியின் தம்பி ஏழுமலை முள்ளிப்பட்டுக்காரன். புதுச்சேரியில் கடலோரத்துப் பழைய பிரெஞ்சுக்காரர் தெரு ஒன்றில், அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கும் கடையில் நிலவறை அவன் பொறுப்பு. ஒரு நாள் காலையில் போன் செய்தான்.

"மாமா, கூலிங் புடிக்கவே மாட்டேங்குது. பீர் பூரா நுரையா வருது. ஜல்தி வாங்க மாமா."

"ஏன், அந்த ஊர்ல மெக்கானிக்கே இல்லியா?"

"வந்தான் மாமா. பாதிப் படி எறங்கிட்டுத் திரும்பி ஓடிட்டான். கீழ அந்தம்மா கீறாங்க."

பயல் சரக்கை ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசி வழியாகப் பஸ் பிடித்தேன்.

2. மூச்சு விடும் சேலை

மஞ்சள் சுவர், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு, தேக்கு உத்திரம் போட்ட கூடம். கடை திறக்க நேரம் இருந்தது. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நீளக் கவுண்டரில் வரிசையாகக் குழாய்கள். பின்னால் கரும்பலகையில் பனைவெல்லம் போட்டது, கொத்தமல்லி போட்டது என்று பீருக்கு விதவிதமாகப் பெயர். புளித்த தோசை மாவு வாசனை வந்தது.

முதலாளி விக்ரம் சென்னைக்காரர், சின்ன வயது. மரியாதையாகப் பேசினார். ஒரு குழாயைத் திறந்து காட்டினார். அது இரண்டு தடவை இருமிவிட்டு நுரையைக் கக்கியது.

"அண்ணா, சில்லர் மெஷினைப் பாருங்க. பேய்க்கதையெல்லாம் காதுல வாங்காதீங்க. இவங்களோட ஒரே தலைவலி."

பீரைக் குளிரவைக்கும் அந்தச் சில்லர் இருப்பது நிலவறையில். காய்ச்சிய பீர் பொங்கிப் புளிக்கும் டாங்கிகளும் அங்கேதான். ஏழுமலை என்னைப் படி வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டான்.

ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் கீழே போன வேலைக்காரர் ஒருவர் மயங்கி விழுந்தாராம். யாரோ நெஞ்சில் உட்கார்ந்தது போல இருந்தது என்றாராம். அந்த வீட்டில் ஒரு காலத்தில் இளம் மருமகள் ஒருத்தி நிலவறையில் செத்துப்போனாள் என்று தெருவில் பூ விற்கிறவள் சொல்லியிருக்கிறாள். உடனே ஏழுமலை பூவாடைக்காரிக்குப் படைத்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் குடும்பத்தில் இறந்த பெண்ணைத்தான் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்போம். அது அவரவர் வீட்டுப் பெண்ணுக்குச் செய்வது. ஊர் பேர் தெரியாதவளுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"யார் வூட்டுப் பொண்ணோ மாமா, கேக்க நாதி இல்லாம கீறாங்க. நாமளே செஞ்சிட்டா அடங்கிடுவாங்கன்னு செஞ்சேன். அதுக்கப்புறம்தான் கோவம் ஜாஸ்தி ஆயிடுச்சி."

படி வாசலை ஒட்டிச் சுவரில் அடித்த ஆணியிலிருந்து ஒரு சேலை கீழ்த்தரை வரைக்கும் தொங்கியது. அசல் ஆரணிப் பட்டு, அரக்கு நிறம், மஞ்சள் கரை. மடித்து மாட்டியிருந்தான். சேலையின் கீழ்ப்பகுதி மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு துடித்தது. காற்று துளிகூட இல்லை.

"பாருங்க மாமா. மூச்சு வுடுறாங்க."

பிறகு ஒரு கழியின் நுனியில் அகல் விளக்கைத் தொங்கவிட்டு மெல்ல இறக்கினான். தினமும் காலையில் இப்படித்தான் உத்தரவு கேட்பானாம். கடைசிப் படிகளுக்கு மேலே வந்ததும் சுடர் குறுகியது. ஊதி அணைத்தது போலவும் இல்லை. சுருங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆனது. திரியின் புகை மேலே வரவில்லை. தண்ணீர்மேல் விரித்த துணி போல அந்த மட்டத்திலேயே பரவி நின்றது.

பேசாமல் ஆரணி பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் சேலைக்குப் பின்னாலிருந்து சன்னமாக ஒரு மோட்டார் முனகுவது கேட்டது.

"டேய், எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கடா?"

"அந்தம்மாவுக்குப் பின்னால."

பீர் புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு கேஸ் வரும். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தண்ணீர் போலத் தேங்கும். வாசனை இல்லை, கண்ணுக்கும் தெரியாது. அதைத் தரையோடு உறிஞ்சி வெளியே தள்ளத்தான் அந்த ஃபேன். கரண்ட் போன அன்றைக்கு ஃபேன் நின்றது, ஆள் விழுந்தார். அதற்குப் பரிகாரமாக இவன் அந்த ஃபேன் வாயிலேயே பட்டுச் சேலையைப் போர்த்திவிட்டான். சூடு வெளியே போகாமல் சில்லரும் அடிக்கடி டிரிப் ஆகி நின்றுகொண்டிருந்தது.

3. படி

சேலையை எடு என்று நான் சொல்ல வாய் திறக்கும்போது விக்ரம் பின்னால் வந்தார்.

"இன்னும் பூஜை முடியலையா?"

"சார், எறங்காதீங்க. கீழ கேஸ் நிக்குது."

"அண்ணா, நீங்களுமா? முந்தாநாள்தான் போயிட்டு வந்தேன்."

போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கிவிட்டார். டார்ச் எப்படி அணையும்? கடைசிப் படிகளில் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு களைத்துப்போனவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவர் மூச்சு இரைப்பது மேலே எங்களுக்குக் கேட்டது. போன் கையிலிருந்து நழுவியது.

ஏழுமலை பாய்ந்தான். நான் அவனை இடுப்போடு பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்க மாமா! செத்துடுவாரு!"

"நீ போனா ரெண்டு பொணம்டா!"

கிணறாக இருந்தாலும் சாக்கடையாக இருந்தாலும், காப்பாற்றப் போகிறேன் என்று குதிக்கிறவன்தான் அடுத்துச் சாகிறான். அந்த நிமிஷம் எனக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான். சேலையை எட்டிப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. கீழே ஃபேன் ஓவென்று இரையத் தொடங்கியது. ஆனால் கேஸ் வடிய நேரமாகும். சேலையின் ஒரு தலைப்பை அவரை நோக்கி வீசினேன்.

"சார், புடிங்க! கையில சுத்திக்கோங்க!"

அவர் தலை மார்பில் தொங்கியது. ஏழுமலை அழுதுகொண்டே, "எம்மா, வுட்டுடும்மா, எம்மா" என்று கத்தினான். சற்று நேரத்தில் சேலை விறைத்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். படிப்படியாக முட்டிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். பட்டு நூல் ஒன்றுகூட விடவில்லை. தெருவில் கிடத்தினோம், ஆம்புலன்ஸ் வந்தது, ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தார்.

4. முடிச்சு

அவர் மணிக்கட்டில் சேலை இரண்டு சுற்று சுற்றி, மேலே இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டு நெம்பித்தான் அவிழ்த்தேன். பரவாயில்லை, நல்ல தெம்பான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். விக்ரம் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏழுமலை, அந்த அக்கா எங்க?"

"எந்த அக்கா சார்?"

"கீழ என் பக்கத்துல உக்காந்து கையில கட்டிவிட்டாங்களே. புடவைத் துணியை அவங்கதான் எடுத்துச் சுத்துனாங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான், கேஸ் அடித்தால் மூளை குழம்பும், இல்லாதது தெரியும் என்று விளக்கினேன். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. விக்ரம் தலையாட்டினார். ஆனால் தன் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியின் சேலைத் தலைப்பை மணிக்கட்டில் சுற்றி, மற்றக் கையால் மட்டும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். நல்ல நினைவோடு உட்கார்ந்திருந்த எனக்கே வரவில்லை.

"என்னா பேஜாரு இது, பொடவைய கசக்கிகினு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் படையலில் கூடுதலாக ஒரு சேலை இருந்தது. யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடையில் இப்போது ஃபேன் வாய்க்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறோம். கேஸ் அலாரம் மாட்டியாயிற்று. சில்லர் ஒழுங்காக ஓடுகிறது, பீர் நுரைக்காமல் வருகிறது. இருந்தும் கடை திறக்கும்முன் கழியில் விளக்கை இறக்கிப் பார்க்கிறார்கள். இறக்குகிறவர் விக்ரம்தான். ஏழுமலையைக்கூட விடுவதில்லையாம்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பள்ளத்தில் வேலை என்றால் முதலில் கேஸ் அளக்கும் மீட்டரை வையுங்கள், அது கையில் இல்லாத ஊரில் விளக்கையாவது இறக்குங்கள். அணைந்தால் இறங்காதீர்கள், கீழே கிடப்பது கூடப்பிறந்தவனாக இருந்தாலும் மேலே நின்றே வழி தேடுங்கள். எக்ஸாஸ்ட் வாயைச் சாமிக்காகக்கூட மூடாதீர்கள். முடிச்சை நான் பாடத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் விளக்கு நின்று எரிந்தாலும், "வரேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் முதல் படியில் கால் வைக்கிறேன்.