ஊசியக்காவின் மதியம் இரண்டு மணி

முதலில் என் கையைத்தான் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டி, ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "நரம்பு நல்லாத்தான் இருக்கு. உள்ள ரத்தம் இருக்கான்னுதான் தெரியல" என்றார். முகத்தைப் பார்த்தது அதற்கப்புறம். "தூங்கி எத்தனை நாளாச்சு தம்பி?"

நான் அப்போது மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பவன்தான் டாக்டராவான் என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்றரைக்கே எழுந்துகொண்டிருந்தேன். அதன் பலனாக ஒருநாள் பயிற்சி வகுப்பில், பெஞ்சோடு சாய்ந்துவிட்டேன். ரத்தம் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். தெருமுனையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த பரிசோதனை நிலையம். அங்கே ஊசி குத்துகிறவர் அவர். எல்லோருக்கும் ஊசியக்கா.

என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பட்டையை அவிழ்த்தபடியே மேஜையின் கீழ் இழுப்பறையைக் காலால் இழுத்துக் காட்டினார். பஞ்சு உருண்டைகளுக்குப் பக்கத்தில், என்னிடம் இருக்கும் அதே உயிரியல் புத்தகம். என்னுடையதைவிட அழுக்காக இருந்தது.

"எனக்கு இது மூணாவது தடவை. வயசு இருபத்தாறு. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுடு, கையில ஊசி இல்ல."

ஊசியக்கா பேருந்தில் ஏறினாலும் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைத்தான் பார்ப்பார். "அந்த நீலச் சட்டைக்காரர் கையைப் பாரேன், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று ரகசியமாகச் சொல்லுவார். அழுகிற குழந்தையிடம், "நான் குத்தல கண்ணு, இந்த ஊசிதான். அதைத் திட்டு, நல்லாத் திட்டு" என்பார். குழந்தை ஊசியைத் திட்டி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ரத்தம் எடுத்த குழாயில் பெயரெழுதும் முன் யாராக இருந்தாலும் பெயரைக் கேட்பார். ஒருநாள் அவருடைய மாமியாரே வந்து உட்கார்ந்தார்.

"பேரைச் சொல்லுங்க அத்தை."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். குழாய்க்குத் தெரியாதே."

மாமியார் விறைப்பாகப் பெயரைச் சொன்னார். கூடவே, குழாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும் என்று, தன் மாமனார் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

என் ரிப்போர்ட்டை வாங்கப் போன அன்றுதான் அவர் என் படிப்பையே புரட்டிப்போட்டார். "பரீட்சை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மதியம் இரண்டிலிருந்து ஐந்து என்றேன். "நீ எத்தனை மணிக்குப் படிக்கிற?" மூன்றரை என்று பெருமையாகச் சொன்னேன். "சரிதான். அப்போ பரீட்சையையும் விடிகாலை மூணரைக்கே வைக்கச் சொல்லி எழுதிப் போடு. மதியம் ரெண்டு மணிக்கு உன் மூளை கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், நீ என்னத்த எழுதுவ?"

வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காலையில் வந்து போய்விடுவார்கள். சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை பார்க்க வருகிறவர்களும் ஒன்றரைக்குள் முடிந்துவிடுவார்கள். இரண்டு மணிக்கு அந்த இடம் காலியாகும். கண் சொக்கும் அந்த நேரத்தில்தான் ஊசியக்கா தினமும் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து எழுதுவார். மறுநாளிலிருந்து நானும் போனேன். கை நீட்டுவதற்குப் பலகை வைத்த நோயாளி நாற்காலி எனக்கு எழுதுமேஜையானது. நடுவில் யாராவது வந்தால் எழுந்து போய் ரத்தம் எடுத்துவிட்டு வருவார். கடிகாரம் நிற்காது. ஒருமுறை, "அந்த அஞ்சு நிமிஷத்தைக் கழிச்சுக்கலாமே அக்கா" என்றேன். "பரீட்சை ஹால்ல எனக்குத் தும்மல் வந்தா கழிச்சுக்குவாங்களா?" என்றார்.

விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கும்போது அவருடைய உதடு அசையும். கேள்வி எண்ணைச் சொல்லி, வட்டத்தின் எண்ணைச் சொல்லி, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகுதான் பேனா இறங்கும். காரணம் கேட்டேன். முதல் முறை எழுதியபோது, விடைகளையெல்லாம் கேள்வித்தாளிலேயே குறித்துக்கொண்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மொத்தமாக வட்டத்துக்கு மாற்றியிருக்கிறார். நாற்பத்தேழாவது கேள்வி தெரியாமல் விட்டது. நாற்பத்தெட்டின் விடை நாற்பத்தேழில் விழுந்தது. அதிலிருந்து எல்லாமே ஒரு வரிசை மேலே. தொண்ணூற்றிரண்டில்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

"பேனா மை. அழிக்கவும் முடியாது, அழவும் நேரமில்ல. ஒருத்தர் ரத்தத்துல இன்னொருத்தர் பேரை எழுதின மாதிரி ஆயிடுச்சு. அன்னையிலிருந்து வட்டத்துகிட்டயும் பேரைக் கேட்டுட்டுத்தான் வைக்கிறது."

இரண்டாம் முறை, இந்த முணுமுணுப்பைக் கேட்டுக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, "யாரோட பேசறீங்க?" என்று கேட்டாராம். "கேள்வியோடதான் சார்" என்றாராம் இவர்.

அந்த முறை அவரை வீழ்த்தியது இயற்பியல். "என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்குது" என்பார். எனக்கு அது ஓரளவு வரும், உயிரியல்தான் மறக்கும். ஆகவே எங்களுக்குள் பண்டமாற்று.

என் நோய் வேறு. ஒரு கேள்வியையும் விடமாட்டேன். சரிக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. கணக்குப்படி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் நஷ்டமில்லை என்று வாதாடினேன். ஒரு தாளை நீட்டினார். ஒரு மாதமாக நான் தெரியாமல் அடித்த கேள்விகளை எனக்கே தெரியாமல் எண்ணியிருந்தார். நாற்பது. அதில் சரி, ஆறு.

"கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருந்தா பத்தாவது தேறியிருக்கும். நீ தெரிஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டு அடிக்கிற. அவங்க வெச்ச பொறியில ஒண்ணு விடாம போய் உட்கார்ற."

அவர் கணவர் தையல்காரர். கடையில் துணி வெட்டிக்கொண்டே தொலைபேசியில் மனைவிக்குக் கேள்வி கேட்பார். தொடக்கத்தில் ஒரு வாரம் ஊசியக்கா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பிறகுதான் பிடிபட்டது: சரியான விடையை வாசிக்கும்போது கணவரின் குரல் ஆசையில் கொஞ்சம் ஏறிவிடும். "உங்க பாசத்துக்கு மார்க் போட மாட்டாங்க" என்று மனைவி கண்டித்ததும், நான்கு விடையையும் ஒரே தொனியில், இரங்கல் செய்தி வாசிப்பதுபோல வாசிக்கப் பழகிக்கொண்டார்.

முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்தது. அவருக்கு ஒன்பது மதிப்பெண்ணில் போனது.

மறுநாள் இரண்டு மணிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அதை விடவே இல்லை. "டாக்டர் கை. நரம்பு இப்பத்தான் நல்லாத் தெரியுது" என்று சிரித்தார். புத்தகங்கள் சணல் கயிற்றால் கட்டப்பட்டு வாசலோரம் இருந்தன. "மூணு தடவைன்னுதான் வீட்ல பேச்சு. போதும் தம்பி. நல்லா ஊசி குத்தத் தெரிஞ்சவங்களும் ஊருக்கு வேணுமில்ல?"

என் வெற்றியில் பாதிக்குமேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்கியது. சும்மா நிற்க மனமில்லாமல் அவருடைய கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். இயற்பியலில் பதினொரு கேள்விகளுக்குச் சுழி போட்டு, விடையே எழுதாமல் விட்டிருந்தார். தையல்காரரின் தொனியில், ஏற்ற இறக்கமில்லாமல், முதலாவதைப் படித்தேன். "விளையாடாத" என்றபடியே விடை சொன்னார். சரி. அடுத்தது. அதுவும் சரி. பதினொன்றும் முடிந்தபோது எட்டு சரியாக இருந்தது. தவறான மூன்றுக்குக் கழித்தாலும் இருபத்தொன்பது மதிப்பெண்!

"தெரிஞ்சதை ஏன்க்கா விட்டீங்க?"

"உறுதியாத் தெரியலடா."

"நரம்பு கண்ணுக்கு உறுதியாத் தெரிஞ்சாத்தான் குத்தறீங்களா?"

"அது எங்க தெரியும்? பாதிப் பேருக்குத் தெரியாது. விரல் சொல்லும்."

"அப்போ விரல் சொன்னதைக் கேட்டிருக்கலாமே."

தாளை என்னிடமிருந்து வாங்கி, அந்தப் பதினொரு கேள்விகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். நான் தெரியாததையெல்லாம் தெரியும் என்று நினைத்தவன். அவர் தெரிந்ததையும் தெரியாது என்று ஒதுக்கியிருக்கிறார். என் நாற்பதை எண்ணியவர் தன் பதினொன்றை எண்ணவில்லை. "படவா, என் ஊசியை எடுத்து என்னையே குத்தற" என்றார். அன்று மாலையே தையல்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாலாவது தடவையாம். அந்த இரங்கல் குரலையே வெச்சுக்கவா, மாத்தணுமா?" என்று கேட்டார்.

அந்த வருடம் சனிக்கிழமைதோறும் கல்லூரியிலிருந்து நான் இயற்பியலோடு வந்தேன். ஒரே ஒரு பயிற்சிதான் புதிது: விட நினைக்கும் கேள்விக்கு முதலில் மனதில் தோன்றுவதை ஓரத்தில் எழுத வேண்டும், பிறகு அதில் எத்தனை சரி என்று எண்ண வேண்டும். முதல் மாதம் பத்துக்கு ஆறு சரி. கடைசி மாதம் எட்டு.

இடம் கிடைத்தது, என் கல்லூரியிலேயே. சேர்க்கை நாளில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அப்பாக்களோடு வரிசையில் நிற்க, இருபத்தெட்டு வயதில் இவரும் நின்றார். எழுத்தர் நிமிராமல், "பெற்றோர், பாதுகாவலர் கையெழுத்து" என்றார். தையல்காரர் முன்னால் வந்தார். எழுத்தர் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொண்ணுக்கு என்ன உறவு?" "வீட்டுக்காரர்" என்றார் ஊசியக்கா. "ரேங்க் வாங்கினா சொல்லி அனுப்புவோம், ஃபெயிலானாலும் உங்ககிட்டதான் வருவோம்" என்றார் எழுத்தர். "வாங்க சார், அளவெடுத்துடறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் தையல்காரர்.

ஊசியக்கா நேராக என்னிடம் வந்தார். "நீ சீனியராமே? உனக்கு நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் எழுதும் முதல் ஆள் நான். எங்கே எழுதினாலும் அந்த எழுத்துகளைக் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுகிறேன். அழுத்தும்போதெல்லாம் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஊசியக்காவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. இறுதியாண்டு மாணவி. நான் பயிற்சி மருத்துவராக இருக்கும் வார்டுக்கே வகுப்புக்கு வருகிறார். போன வாரம் ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நின்றார்கள். பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஊசியக்காவின் கை உயர்ந்தது. பதில் தவறு. பேராசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள், அதே கை மறுபடி மேலே போனது.